என் சீவியின் கடைசி வரியில் இருந்தவர்

தவா அண்ணனின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தபோது நான் இரண்டு தடவை வெட்டிவிட்டேன். கல்முனையில் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வாத்தியாருக்குச் சட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தவா அண்ணனோடு ஐந்து மாதமாகக் கதையில்லை. இனிமேல் கதைக்கவே மாட்டேன் என்று அவரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவள் நான். மூன்றாம் தடவையும் அடித்தது. எடுத்து, "இப்ப என்ன வேணும்?" என்றேன்.

மறுபக்கத்தில் வேறு குரல்.

"தங்கச்சி, நான் தவாட மச்சான் கதைக்கிறன். அவர்ட போன்ல இருக்கிற நம்பருக்கெல்லாம் வரிசையா எடுத்துச் சொல்லிட்டு வாறன். காலம நெஞ்சு நோகுது எண்டவர். ஆசுபத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள வழியிலயே முடிஞ்சிட்டுது. நீங்க ஆரெண்டு எனக்குத் தெரியா. இதில 'லோஜி கல்லாறு செக்கண்ட் இயர்' எண்டு கிடக்கு."

நான் கம்பஸை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவரின் போனில் மட்டும் இன்னும் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என்ன மகள்?" என்று கேட்டார். தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார் என்றேன். எப்படித் தெரிந்தவர் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த நினைவு மலரை அவரின் முப்பத்தோராம் நாள் கையில் எடுக்கும் உங்களில் பாதிப்பேர் அவரின் கடையில் போட்டோக்கொப்பி அடித்தவர்கள். மற்றவர்கள் பழுகாமத்துச் சொந்தங்கள். அந்தச் சொந்தங்களுக்காகத்தான் இதைச் சொல்ல வேண்டும். செங்கலடிச் சந்தியில் உங்கள் தவராசா நடத்தியது வெறும் கொமினிகேஷன் கடை இல்லை. இரண்டு போட்டோக்கொப்பி மிஷினும் ஒரு கம்பியூட்டரும் வைத்துக்கொண்டு, ஊரில் ஒருவரையும் தெரியாத பிள்ளைகளுக்கு அவர் ஆட்களைத் தெரியப்படுத்தினார். கொழும்பில் இன்றைக்கு நல்ல கதிரைகளில் இருக்கும் பலருக்கு முதல் கதவைத் திறந்தது அந்தக் கடைதான். அதை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாததால்தான் கோபம்.

மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி அவரின் மனைவி, எங்கள் அண்ணி, கேட்டபோது, "நான் எழுதினா நல்லதா வராது அண்ணி" என்று சொன்னேன்.

"மத்த எல்லாரும் நல்லதாத்தான் எழுதியிருக்காங்க. நீ உள்ளத எழுது" என்றார்.

சரி, உள்ளதையே எழுதுகிறேன்.

முதல் வருடம், முதல் கிழமை. அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கப் போனேன். அவர் அடித்த பிரதியைக் கையில் தராமல், கணக்கு எழுதும் தடித்த மட்டைப் புத்தகம் மாதிரி ஒரு பெரிய சி.ஆர். கொப்பியை என் பக்கம் தள்ளினார். பெயர், ஊர், படிக்கும் பாடம் எழுத மூன்று நிரல்கள். நான்காவது நிரலின் தலைப்பு: உனக்குத் தெரிந்த வேலை செய்யும் ஆள்.

"எனக்கு ஒருத்தரையும் தெரியா" என்றேன்.

"எந்த ஊர்?"

"பெரியகல்லாறு."

"கல்லாத்தில கப்பலுக்குப் போன ஆக்கள் இல்லயா? பேங்கில ஆரும் இல்லயா? தபால் கந்தோர்ல?"

"இருக்காங்க. ஆனா எனக்குத் தெரியா."

"தெரியா எண்டு சொல்லாத புள்ள. கதைச்சதில்ல எண்டு சொல்லு."

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வளவு தள்ளி இருக்கும் ஒருவர் கப்பலில் இஞ்சினியர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா வாவியில் பிடிக்கும் மீனை அவர் வீட்டுக்குத்தான் அடிக்கடி கொண்டுபோய்க் கொடுப்பார். நான் அவரோடு ஒரு நாளும் கதைத்ததில்லை. அவர் பெயரை எழுதினேன். அதற்குப் பிறகுதான் அடையாள அட்டையின் பிரதி கைக்கு வந்தது. எல்லாருக்கும் இதே முறைதான். நீ ஒரு ஆளைக் கொண்டுவந்து எழுது, அந்தக் கொப்பியில் இருந்து ஒரு ஆளை எடுத்துக்கொண்டு போ. நான் எழுதிய கப்பல்காரரோடு ஏறாவூர்ப் பெடியன் ஒருவன் கதைத்து, இப்போது அவனும் கப்பலில் இருக்கிறான். அந்தப் பெடியனை நான் இன்னும் கண்டதில்லை.

ஆளை எடுத்துக்கொண்டு போவது என்றால் நம்பரை எடுத்துக்கொண்டு போவது இல்லை. கடையிலேயே, அவருக்கு முன்னாலேயே அழைக்க வேண்டும். அவர் பக்கத்தில் இருந்து கடதாசிகளுக்கு ஸ்டேப்ளர் அடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் கிடைத்தது கொழும்பில் தேயிலை ஏற்றுமதிக் கொம்பனி ஒன்றில் வேலை செய்யும் பழைய மாணவர்.

"அண்ணன், நான் லோஜினி. எனக்கு உங்கட கொம்பனியில ஏதாவது..." என்று தொடங்கினேன். தவா அண்ணன் மேசையில் ஸ்டேப்ளரால் ஒரு தட்டுத் தட்டினார். போனைப் பொத்திக்கொண்டு என்ன என்று பார்த்தேன்.

"முதல் கோல்ல வேல கேட்டா ரெண்டாம் கோல் எடுக்கேலா. காலம ஓஃபிஸுக்குப் போனா முதல்ல என்ன செய்வார் எண்டு கேள்."

கேட்டேன். "முதல்ல தேத்தண்ணி குடிப்பன்" என்றார் அந்த ஆள். பிறகு இருபது நிமிடம் நிறுத்தாமல் கதைத்தார். அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை போல. வைக்கும்போது, "மறுகாவும் எடுங்க தங்கச்சி" என்றார். தவா அண்ணன் சிரிக்கவில்லை. "பாத்தியா" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பெருமை வந்தால் அவ்வளவுதான்.

அந்தக் கடையில்தான் என் கம்பஸ் வாழ்க்கை நடந்தது என்று சொன்னால் பொய் இல்லை. விரிவுரை சலித்தால் அங்கே. ஹொஸ்டலில் சண்டை பிடித்தால் அங்கே. இங்கிலீஸ் வகுப்பை மூன்றாம் நாளில் விட்டேன், பட்மிண்டனை விட்டேன், ஹொஸ்டலையே விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். ஒவ்வொன்றையும் விட்டதும் முதலில் போய்ச் சொன்னது அவரிடம்தான். "இப்ப எத விட்டிட்டு வாறாய்?" என்று பகிடி பண்ணுவார். நான் எல்லாவற்றையும் கொட்டுவேன். அவர் ஸ்டேப்ளர் அடிப்பார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். குறித்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

வேலைக்கு விண்ணப்பிக்க அனுப்பும் சீவியின் அடியில் இரண்டு பேரின் பெயர் போட வேண்டும். சொந்தக்காரராக இருக்கக்கூடாது. அவர்களைத்தான் ரெஃபரி என்கிறோம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் போடுவோம்: பள்ளிக்கூட அதிபர் ஒருவர், கிராம சேவகரோ பாதரோ ஒருவர். கொழும்பிலிருந்து அதிபருக்கு அழைத்தால், "ஆரு? எந்த வருசத்துப் புள்ள?" என்று கேட்பார். அதோடு வேலை போய்விடும். அதனால் தவா அண்ணன் அதிபரின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். "நீ கல்லாறு, நான் பழுகாமம். சொந்தமில்லத்தானே. எந்த நேரம் எடுத்தாலும் நான் எடுப்பன்" என்பார். முன்னர் கொழும்பில் அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர் என்பதால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். பிள்ளைகளைப் பற்றி அவர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். படிக்காதவனைப் பொறுமைசாலி என்பார். வாய்க்காரியைத் துணிச்சல்காரி என்பார். பொய் என்று சொல்ல முடியாது. நல்ல பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வைப்பார்.

என் சீவியிலும் கடைசி வரி அவர்தான்.

இரண்டாம் வருடம் அந்த வேலை வந்தது. கொழும்பில் ஒரு சொஃப்ட்வேர் கொம்பனி. வாடிக்கையாளர்களோடு கதைக்கும் வேலை. கதைப்பது எனக்கு வரும். உள்ளே இருந்த பிரசாத் என்ற பழைய மாணவர்தான் வழி காட்டினார். அவரும் கொப்பியில் இருந்து வந்தவர்தான். டிகிரி கேட்கவில்லை, மாதம் பிறந்ததும் சேர வேண்டும் என்றார்கள். இரண்டு நேர்முகமும் தவா அண்ணனின் கம்பியூட்டரில்தான் நடந்தது. கடையில் சத்தம் போட வேண்டாம் என்று வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. "எடுத்த மாதிரித்தான் புள்ள. பெட்டியக் கட்டு" என்றார்.

புதன்கிழமை கம்பஸுக்குப் போய் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. நியமனக் கடிதம் வந்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அவசரம் என்னுடையது. அதற்கு அவரைக் குறை சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை அந்தக் கொம்பனியிலிருந்து அவருக்கு அழைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை மின்னஞ்சல் வந்தது. வேறு ஒருவரைத் தெரிவு செய்துவிட்டார்களாம். கடைக்கு ஓடினேன். "கொம்பனி எண்டா அப்படித்தான். வேற பாப்பம்" என்றார். அப்போதுதான் கடிதம் கொடுத்ததைச் சொன்னேன்.

"எப்ப குடுத்த?"

"புதன்கிழமை."

அவர் எழும்பிப் போய் மிஷினுக்குக் கடதாசி போட்டார். மிஷினில் கடதாசி நிறைய இருந்தது. திரும்பி வந்து, "போய்த் திருப்பி எடு. நானும் வாறன், சேர்ந்து கதைப்பம்" என்றார். "குடுத்தது குடுத்ததுதான்" என்றேன். இன்னும் இரண்டு தடவை கேட்டார். மாட்டேன் என்றேன். அந்த நேரத்தில் அவர் நடந்ததைச் சொல்லியிருந்தால் நான் கடிதத்தைத் திருப்பி எடுத்திருப்பேனா? தெரியாது. வேலை என் கையை விட்டுப் போனது என் கெட்ட நேரத்தால் இல்லை என்றாவது தெரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து, கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த பிரசாத்தை மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கண்டேன். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் உன்னப் பிடிச்சிருந்தது லோஜி. உன்ட ரெஃபரிதானே வேலையில நிலைச்சு நிக்கமாட்டாள் எண்டு சொன்னவர்."

அங்கிருந்து செங்கலடி பஸ்ஸில் ஏறினேன். கடையில் அவர் மட்டும் இருந்தார்.

"ஏன் என்னப்பத்தி அப்படிச் சொன்னீங்க?"

என்ன, எதைப்பற்றி என்று அவர் கேட்கவில்லை.

"ஆரு சொன்ன?"

"அது தேவையில்ல. சொன்னீங்களா, இல்லயா?"

"ஓம். சொன்னன்."

மறுத்திருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும். அவர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொம்புள கேட்டவ, இந்தப் புள்ள ரெண்டு வருசம் நிப்பாவா, நீங்க பொறுப்பா எண்டு. அதுக்கு முதல் நான் அனுப்பின ஒருத்தன் மூண்டு மாசத்தில சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். நீ இங்கிலீஸ் வகுப்புக்கு எத்தன நாள் போன? ஹொஸ்டல்ல எத்தன நாள் இருந்த? நான் என்னத்தச் சொல்ல?"

"அதெல்லாம் நான் உங்களுக்குச் சொன்னது. ரெஃபரிக்குச் சொன்னதில்ல."

"எனக்குப் பின்னால நாப்பது புள்ளைகள் நிக்குது லோஜி. என்ட சொல் பழுதாப் போனா அவ்வளவு பேருக்கும் கதவு சாத்தின மாதிரி."

"அப்ப, உனக்கு நான் ரெஃபரியா நிக்கமாட்டன் எண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வேற ஆளப் போட்டிருப்ப."

"ஓம். போட்டிருப்பன்."

அந்த நேரம் பார்த்து முதல் வருடப் பிள்ளை ஒன்று நோட்ஸோடு வந்து நின்றது. "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டு எழும்பினார். இனி உங்களோடு கதை இல்லை என்று சொல்லிவிட்டு நான் இறங்கி வந்தேன். அவரை உயிரோடு கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

அவர் செய்த கணிப்புச் சரிதானே என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நான் இரண்டு வேலையை விட்டது உண்மை. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலையும் பிறகு ஒரு டியூசன் நிலையத்தையும் விட்டேன். எனக்குப் பிடித்த வேலையை விட்டேனா என்று யாரும் கேட்கவில்லை. பிடித்த வேலை கிடைக்கவில்லையே. நாற்பது பேருக்கு நல்ல பக்கத்தைத் திருப்பி வைத்த மனிதர், என்னை மட்டும் அப்படியே எடுத்து வைத்தார். தன் சொல்லுக்கு மதிப்பு வேண்டுமென்றால் எங்கேயோ ஒரு தடவை இல்லை என்று சொல்லத்தான் வேண்டும் என்பது எனக்கு விளங்குகிறது. அந்த ஒரு தடவைக்கு என்னை எடுத்தார். கடையில் அதிக நேரம் இருந்தவள் நான்தான், என்னைப்பற்றித்தான் அவருக்கு அதிகம் தெரியும். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கொழும்பிலிருந்து வான்களில் வந்திருந்தார்கள். வருடக்கணக்காகப் போனில் மட்டும் கதைத்தவர்கள் பந்தலுக்குக் கீழே முதல் தடவையாக ஆளையாள் கண்டார்கள். "நீங்கதானா இன்சூரன்ஸ் ரமேஸ்?" "அப்ப நீங்க அந்தக் கப்பல் பெடியன்ட கூட்டாளியா?" என்று சத்தம் மெல்ல மெல்லக் கூடியது. நம்பர்கள் கைமாறின. பழுகாமத்துப் பெரியவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "பொணத்த எடுக்க முந்தியே ஆள் பிடிக்கிறாங்க. இவங்க செத்தவீட்டுக்கு வந்தவங்களா, வேலைக்கு வந்தவங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவா அண்ணன் எழும்பி இருந்தால் கொப்பியை எடுத்து நீட்டியிருப்பார். பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் என் நம்பரையும் கேட்டார். கொடுத்தேன். முதலில் காலையில் ஓஃபிஸில் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டேன். என்னை அறியாமலே.

இந்த மலரை அவரின் கம்பியூட்டரில் தட்டச்சுச் செய்ய வேறு ஆள் இல்லாததால் நான்தான் நான்கு நாள் கடையில் இருந்தேன். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பார். ஒரு நாள் கேட்டேன்.

"அண்ணன் என்னப்பத்தி ஏதாவது சொன்னவரா அண்ணி? அந்த வேல விசயம்."

கவலைப்பட்டார், நினைத்து நினைத்துச் சொன்னார் என்று ஒரு சொல் வரும் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன். அண்ணி யோசித்துப் பார்த்தார்.

"இல்ல புள்ள. ஒண்டும் சொன்னதில்ல."

அண்ணிக்குப் பொய் வராது. அதோடு அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு மேசையில் கிடந்த அவரின் போன் அடித்தது. கொழும்பு நம்பர். அண்ணி என் பக்கம் தள்ளினார். "இப்படித்தான் நெடுக வருது. எனக்குச் சிங்களமும் தெரியா, இங்கிலீஸும் தெரியா. நீ கதை."

மூன்றாம் வருடம் படிக்கும் தர்சிகாவைப் பற்றிக் கேட்க ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்திருந்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஸில் சொன்னேன். அந்தப் பெண் வருத்தம் தெரிவித்துவிட்டு, அங்கே வேறு யாராவது அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எனக்குத் தர்சிகாவைத் தெரியும். கெட்டிக்காரி. இந்த மலருக்குப் பழைய மாணவர்களிடம் படம் சேர்க்கும் பொறுப்பை எடுத்தவளும் அவள்தான். எடுத்துவிட்டு நான்கு நாள் போனை நிறுத்தி வைத்திருந்தாள். படங்களைக் கடைசியில் நானும் அண்ணியும்தான் சேர்த்தோம்.

அரை மணித்தியாலம் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். தர்சிகாவுக்கு அழைத்தேன். அன்று எடுத்தாள்.

"உன்னப்பத்திக் கேட்டு கொழும்பில இருந்து எடுத்தவங்க. நான் சொல்லவா?"

"சொல்லுங்க அக்கா, ப்ளீஸ். நல்லதாச் சொல்லுங்க."

"சொன்னா இதத்தான் சொல்லுவன், கேள். கெட்டிக்காரி, விசயம் டக்கெண்டு பிடிப்பாள். ஆனா ஒரு வேலையப் பொறுப்பெடுத்திட்டு நாலு நாள் போன ஓஃப் பண்ணிப்போட்டாள். ரெண்டையும் சொல்லுவன்."



"தவா அண்ணன் எண்டா அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்" என்றாள்.

நான் கடையின் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"அப்ப வேணாம் அக்கா. நான் வேற ஆளப் போடுறன்."

"போடு. அரை மணித்தியாலம் இருக்கு."

அந்தப் பெண்ணுக்கு அழைத்து, பிள்ளை வேறு பெயர் அனுப்புவாள் என்று சொன்னேன். வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

உங்கள் சீவியின் அடியில் இன்னும் அவர் பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தப் போனை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன், அண்ணி தந்தது. எந்த நம்பர் வந்தாலும் எடுக்கிறேன். சி.ஆர். கொப்பியும் என்னிடம் இருக்கிறது, புதிதாக வரும் முதல் வருடப் பிள்ளைகள் கல்முனையில் என் கண்ணாடிக் கடைக்கு வந்து எழுதலாம். தவா அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான். மன்னிப்பு அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

தர்சிகா என்னோடு இப்போது கதைப்பதில்லை. வழியில் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். ஏன் திருப்புகிறாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு அன்றைக்கே தெரியும். தவா அண்ணன் என்னைப்பற்றிச் சொன்னது எனக்குத் தெரியவர எட்டு மாதமும் ஒரு பஸ் நிலையமும் வேண்டியிருந்தது.